கண் பார்த்துக் கை செய்ய எவ்வளவு நேரம்?

விரலையும் உயிரையும் காக்கும் கால் வினாடிக் கணக்கு

சூடான தோசைக் கல்லில் கை பட்டு விடுகிறது. "ஆ!" என்று கையை இழுத்துக் கொள்கிறோம்.

எவ்வளவு நேரத்தில் இழுத்தோம் என்று யாராவது கேட்டால், "உடனே" என்று சொல்வோம்.

ஆனால் மனித உடம்பில் "உடனே" என்று ஒன்று கிடையாது. கண் பார்க்க வேண்டும். அல்லது காது கேட்க வேண்டும். செய்தி மூளைக்குப் போக வேண்டும். மூளை முடிவு செய்ய வேண்டும். மூளையின் உத்தரவு கைக்கு வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் கை அசையும்.

இத்தனையும் நடந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும்?

சுமார் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு! அதுவும் நன்றாக விழித்திருப்பவருக்கு. "இதோ வரப்போகிறது" என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு. மற்றவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும்.

இதற்கு "எதிர்வினை நேரம்" என்று பெயர்.

கண்ணை ஒரு தடவை சிமிட்டும் நேரம்தானே, இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் அந்த நேரத்துக்குள் வேகமாக வரும் லாரி பல அடி தூரம் வந்து விடும். தகடு வெட்டும் எந்திரம் பாதி இறங்கி விடும். விரல் தப்புவதும் போவதும் அந்தச் சிறிய நேரத்தில்தான் இருக்கிறது.

கவரைப்பேட்டையில் அந்த இரவு

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ந் தேதி. இரவு மணி எட்டரை இருக்கும். இடம், திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிக்கு அருகே உள்ள கவரைப்பேட்டை ரெயில் நிலையம்.

மைசூரில் இருந்து பீகார் மாநிலம் தர்பங்காவுக்குப் போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் வந்து கொண்டிருந்தது. அது நிற்காமல் நேர்ப் பாதையில் போகலாம் என்று சிக்னல் கொடுக்கப்பட்டு இருந்தது.

நிலையத்துக்குள் நுழையும்போது பலமான ஒரு குலுக்கல்! ரெயில் நேர்ப் பாதையை விட்டு விலகி, பக்கத்தில் உள்ள கிளைப் பாதைக்குள் புகுந்து விட்டது. அந்தப் பாதையில் ஒரு சரக்கு ரெயில் நின்று கொண்டிருந்தது.

அப்போது எக்ஸ்பிரஸ் ரெயிலின் வேகம் மணிக்குச் சுமார் 75 கிலோ மீட்டர். அதாவது ஒவ்வொரு வினாடியும் அது 20 மீட்டருக்கு மேல் முன்னே போய்க் கொண்டிருந்தது.

டிரைவர் அவசரப் பிரேக்கைப் போட்டார். ஆனாலும் ஓடுகிற ரெயில் அவ்வளவு சீக்கிரத்தில் நிற்குமா? சரக்கு ரெயிலின் பின்பக்கத்தில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. தீயும் பிடித்தது. 19 பேர் காயம் அடைந்தார்கள்.

ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை! நேரம் தாழ்த்தாமல் பிரேக் போட்ட டிரைவருக்கு அந்த ஆண்டு டிசம்பரில் ரெயில்வே இலாகா விருது கொடுத்துப் பாராட்டியது.

இந்தச் சம்பவத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று: கை சுறுசுறுப்பாக வேலை செய்தால் சேதம் குறையும்.

இரண்டு: கை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், முன்னால் போதிய இடம் இல்லை என்றால் மோதலைத் தடுக்க முடியாது.

முதல் பாடத்தை எல்லோரும் நினைவில் வைத்துக் கொள்கிறார்கள். இரண்டாவது பாடத்தைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

உங்கள் எதிர்வினை நேரம் எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் 30 சென்டிமீட்டர் அளவுகோல் போதும்.

ஒருவர் அளவுகோலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்க விட வேண்டும். "0" என்ற எண் கீழே இருக்க வேண்டும். மற்றவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த "0"-க்கு இரண்டு பக்கமும் வைத்துக் கொள்ள வேண்டும். அளவுகோலைத் தொடக் கூடாது.

மேலே பிடித்திருப்பவர் ஒன்றும் சொல்லாமல் திடீரென்று விட்டு விட வேண்டும். கீழே இருப்பவர் "லபக்" என்று பிடிக்க வேண்டும். விரல் எந்த எண்ணில் பிடித்தது என்று பாருங்கள்.

கீழே விழும் பொருளின் வேகம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே விழுந்த தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட்டு விடலாம். இதோ கணக்கு:

10 சென்டிமீட்டர் என்றால் 0.14 வினாடி.
15 சென்டிமீட்டர் என்றால் 0.17 வினாடி.
20 சென்டிமீட்டர் என்றால் 0.20 வினாடி.
25 சென்டிமீட்டர் என்றால் 0.23 வினாடி.
30 சென்டிமீட்டர் என்றால் 0.25 வினாடி.

ஒரு தடவை செய்து விட்டு முடிவுக்கு வந்து விடக் கூடாது. பத்துத் தடவை செய்து சராசரி பார்க்க வேண்டும்.

5 சென்டிமீட்டரிலேயே ஒருவர் பிடித்து விட்டால், அவர் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்து விடாதீர்கள். அளவுகோல் விழுவதற்கு முன்பே அவர் விரலை மூடத் தொடங்கி இருப்பார்!

இந்தச் சோதனையை வீட்டில் எல்லோரும் செய்து பாருங்கள். இருபது வயதை ஒட்டியவர்கள்தான் பெரும்பாலும் ஜெயிப்பார்கள். சிறு குழந்தைகளுக்கு நேரம் கூடுதலாக ஆகும். வயது ஏற ஏறவும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்.

அதே ஆள் காலையில் ஒரு தடவையும், இரவு வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவையும் செய்து பார்க்கட்டும். களைப்பு என்ன செய்கிறது என்பது தெரிந்து விடும்.

உடம்புக்குள் ஓடும் தபால்

உடம்புக்குள் செய்தி எப்படிப் போகிறது?

நரம்புகள் வழியாகப் போகிறது. முன் காலத்தில், நரம்பில் செய்தி போகும் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று அறிஞர்கள் நினைத்தார்கள். மின்னலைப் போன்ற வேகம் என்று எண்ணினார்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி அதை நம்பவில்லை. 1850-ம் ஆண்டு வாக்கில் தவளையின் கால் நரம்பை வைத்து அவர் சோதனை செய்தார். நரம்பின் ஒரு முனையில் மின்சாரத்தைத் தொட வைத்தார். தசை எப்போது துடிக்கிறது என்று அளந்தார்.

என்ன ஆச்சரியம்! செய்தியின் வேகம் வினாடிக்கு 25 முதல் 40 மீட்டர் வரைதான் இருந்தது. ஒலியின் வேகம்கூட வினாடிக்கு 340 மீட்டர். ஒலியைவிட நரம்பின் தபால் மெதுவாகத்தான் போகிறது என்று தெரிந்தது.

மனிதனின் நரம்பு தவளையின் நரம்பைவிட வேகமானது. என்றாலும் அதற்கும் நேரம் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. ஒளி ஒலியைவிடப் பல லட்சம் மடங்கு வேகமானது. ஆனால் நாம் ஒளிக்குக் காட்டும் வேகத்தைவிட ஒலிக்கு அதிக வேகம் காட்டுகிறோம்! விளக்கு எரிந்ததைப் பார்த்துப் பொத்தானை அமுக்க 0.20 வினாடி ஆகும் என்றால், மணி ஓசையைக் கேட்டு அமுக்க 0.15 வினாடிதான் ஆகும்.

காரணம் என்ன? கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தை நரம்புச் செய்தியாக மாற்றக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. காது அந்த வேலையைச் சீக்கிரம் முடித்து விடுகிறது. லாரியில் ஹாரன் இருப்பதற்கும், தொழிற்சாலையில் அபாயச் சங்கு இருப்பதற்கும் இதுவும் ஒரு நியாயம். தவிர, சங்கு ஒலியை எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கேட்கலாம்.

அப்படியானால் தோசைக் கல்லில் பட்ட கை?

அது தனி வழி. சூடு பட்ட செய்தி மூளை வரை போய் உத்தரவுக்காகக் காத்திருப்பது இல்லை. முதுகுத் தண்டிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. கை இழுத்துக் கொண்ட பிறகுதான் "சுட்டு விட்டது" என்று மூளைக்குத் தெரிகிறது. இது பிறவியிலேயே வந்த பாதுகாப்பு.

ஆனால் லாரிக்கும் எந்திரத்துக்கும் இந்தக் குறுக்கு வழி உதவாது. சூடு உடம்பில் பட்ட பிறகுதான் குறுக்கு வழி வேலை செய்கிறது. லாரியும் எந்திரமும் உடம்பில் பட்ட பிறகு என்ன செய்ய முடியும்?

வேலையை இழந்த உதவியாளர்

இந்தச் சிறிய நேரம் ஒரு மனிதரின் வேலையையே பறித்த கதை இது.

இங்கிலாந்தில் கிரீனிச் என்ற இடத்தில் புகழ் பெற்ற வானாய்வுக் கூடம் இருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதும் இடம் அது. மாஸ்கலின் என்பவர் அதன் தலைவர். கின்னபுரூக் என்பவர் அவருடைய உதவியாளர்.

தொலைநோக்கிக்குள் ஒரு கம்பி தெரியும். நட்சத்திரம் அந்தக் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். கடிகாரத்தின் "டிக் டிக்" ஓசையைக் காதால் கேட்டுக் கொண்டே, நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

உதவியாளரின் கணக்கு தலைவரின் கணக்கைவிடத் தாமதமாக இருந்தது. முதலில் அரை வினாடி. பிறகு 0.8 வினாடி. எச்சரித்தும் சரியாகவில்லை. 1796-ம் ஆண்டு அவரை வேலையில் இருந்து நீக்கி விட்டார்கள். 1802-ம் ஆண்டு அவர் இறந்து போனார்.

பல ஆண்டுகள் கழித்து, பெசல் என்ற ஜெர்மன் வானியல் அறிஞர் இந்தச் செய்தியைப் படித்தார். அவருக்குச் சந்தேகம் வந்தது. தம்முடைய கணக்கையும் மற்ற அறிஞர்களின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒருவர் கணக்கும் இன்னொருவர் கணக்கும் ஒத்துப் போகவில்லை! பெரிய பெரிய அறிஞர்களுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தது.

அது சோம்பல் அல்ல. கவனக் குறைவும் அல்ல. ஆளுக்கு ஆள் அமைந்த இயற்கை என்பது அப்போதுதான் உலகத்துக்குப் புரிந்தது. பாவம், வேலை போனவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை!

இன்றும் தொழிற்சாலையில் விபத்து நடந்தால், "ஆள் கவனமாக இல்லை" என்று சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். கவனமாக இருந்தவருக்கும் நேரம் போதாமல் போயிருக்கலாம் என்பதை யோசிக்க வேண்டும்.

வழி கூடினால் நேரமும் கூடும்

ஹாலந்து நாட்டு டாக்டர் டான்டர்ஸ் 1860-களில் ஒரு சோதனை செய்தார். ஒருவரின் காலில் லேசாக மின்சாரம் படும். பட்டதும் அதே பக்கத்துக் கையை அசைக்க வேண்டும்.

எந்தக் காலில் படும் என்று முன்பே தெரிந்தால் கை சீக்கிரம் அசைந்தது. இடமா, வலமா என்று தெரியாதபோது தாமதம் ஆனது. வித்தியாசம் வினாடியில் 15-ல் ஒரு பங்கு. "இதுவா, அதுவா" என்று மூளை முடிவு செய்ய எடுத்துக் கொண்ட நேரம் அதுதான்!

1952-ம் ஆண்டு ஹிக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை மேலும் ஆராய்ந்தார். வழிகள் கூடக்கூட, முடிவு எடுக்கும் நேரமும் கூடுகிறது என்று காட்டினார்.

எந்திரத்தை நிறுத்தும் அவசரப் பொத்தான் ஏன் பெரிதாக, சிவப்பாக, காளான் போலக் குவிந்து இருக்கிறது என்பது இப்போது புரியும். பத்துப் பொத்தான்களுக்கு நடுவே தேடிக் கொண்டிருக்க நேரம் இல்லை. படித்துப் பார்க்கவும் நேரம் இல்லை. பார்த்ததும் கை போக வேண்டும்.

வெளி மாநிலங்களில் இருந்து தொழிலாளர்கள் வந்து வேலை செய்யும் இடங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். சிவப்பு நிறத்துக்கு மொழி கிடையாது.

பவர் பிரஸ் கணக்கு

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்கு அருகில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் அந்த வட்டாரத்தில் உண்டு. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட் இருக்கிறது.

இப்படிப்பட்ட தொழில் வட்டாரங்களில் தகட்டை வெட்டி, வளைத்துப் பாகங்கள் செய்யும் பட்டறைகள் இருக்கும். அந்த வேலைக்குப் பவர் பிரஸ் என்ற எந்திரம் வேண்டும். தொழிலாளர் தகட்டை அச்சுக்குள் வைப்பார். கனமான இரும்புத் தலை மேலே இருந்து இறங்கித் தகட்டை அழுத்தும். பிறகு மேலே ஏறும்.

ஒரு பிரஸ் நிமிடத்துக்கு 60 தடவை ஏறி இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு தடவைக்கு ஒரு வினாடி. இறங்குவதற்கு மட்டும் அரை வினாடி.

கை உள்ளே இருக்கும்போது தலை இறங்கத் தொடங்குகிறது. அதைக் கண் பார்த்து, மூளை உத்தரவு போட 0.20 வினாடிக்கு மேல் ஆகும். கையை வெளியே இழுக்க இன்னும் 0.20 அல்லது 0.30 வினாடி ஆகும். கூட்டிப் பாருங்கள். அரை வினாடி முடிந்து விட்டது!

எந்திரம் இன்னும் வேகமாக ஓடினால் கணக்கு பார்க்கவே வேண்டாம்.

"நான் பத்து வருஷமாகப் பிரஸ் ஓட்டுகிறேன், என் கை வேகம் எனக்குத் தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் இத்தனை காலமும் தப்பியது கையின் வேகத்தால் அல்ல. கையும் எந்திரமும் ஒரே தாளத்தில் ஓடியதால்தான். தாளம் ஒரே ஒரு தடவை தப்பினால் போதும். விரல் போய் விடும்.

ஆகையால்தான் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அபாயமான எந்திரப் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று சொன்னது. தொழிலாளியின் சுறுசுறுப்பை நம்பச் சொல்லவில்லை!

வேலி என்றால் கம்பி வலை மட்டும் அல்ல. வேறு வழிகளும் இருக்கின்றன.

இரட்டைப் பொத்தான் ஒரு வழி. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கைகளும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் எந்தக் கை போகும்?

ஒளித் திரை இன்னொரு வழி. எந்திரத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கதிர்கள் திரை போல நிற்கும். கை அதைக் குறுக்கிட்டால் எந்திரம் நின்று விடும்.

எந்திரம் நிற்பதற்கும் நேரம் வேண்டும் அல்லவா? அதையும் என்ஜினீயர்கள் கணக்கில் எடுத்துக் கொள்கிறார்கள். கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்துக் கொள்கிறார்கள். எந்திரம் நிற்கக் கால் வினாடி ஆகும் என்றால், அதற்குள் கை அரை மீட்டர் போய் விடும். ஆகவே ஒளித் திரை அச்சில் இருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

உற்பத்தி கூட வேண்டும் என்பதற்காக ஒரு பொத்தானைக் குச்சி வைத்துக் கட்டி விடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. அது விரலைக் கடன் வைத்துச் சம்பாதிப்பது போன்றது. தொழிலாளி அதைச் செய்யக் கூடாது. மேஸ்திரி அதைக் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது. முதலாளி அதைச் செய்யச் சொல்லக் கூடாது.

ரோட்டில் ஓடும் மீட்டர்

தொழிற்சாலையில் வேலை முடிந்தது. இனி வீட்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் இதே கணக்குதான்.

சென்னையில் இருந்து கொல்கத்தாவுக்குப் போகும் நெடுஞ்சாலை செங்குன்றம், தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாகப் போகிறது. கனமான லாரிகளும் கன்டெய்னர்களும் ஓடும் ரோடு அது.

முன்னால் போகும் வண்டி திடீரென்று நிற்கிறது. அதை எதிர்பார்க்காத டிரைவர் பார்த்து, புரிந்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை வினாடி ஆகலாம். அதுவரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக் கொண்டு இருக்கும்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகம் என்றால் 17 மீட்டர் ஓடி விடும்.
60 கிலோ மீட்டர் என்றால் 25 மீட்டர்.
80 கிலோ மீட்டர் என்றால் 33 மீட்டர்.

இது பிரேக் பிடிப்பதற்கு முன்பு ஓடும் தூரம்! பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்பதற்கு ஆகும் தூரம் தனி.

ரோடு போடும் என்ஜினீயர்களுக்கு இது தெரியும். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிகளில், டிரைவர் பார்த்துப் பிரேக் போட இரண்டரை வினாடி ஒதுக்கி இருக்கிறார்கள். வளைவுகளையும் மேடுகளையும் அந்தக் கணக்கை வைத்துத்தான் அமைக்கிறார்கள். ரோடு போட்டவர் நமக்கு இரண்டரை வினாடி கொடுத்து இருக்கிறார். முன் வண்டியை ஒட்டிப் போகும் நாமோ அரை வினாடிகூட வைத்துக் கொள்வது இல்லை!

பையில் இருக்கும் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்க்க மூன்று வினாடி ஆகிறது. 80 கிலோ மீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 66 மீட்டர் ஓடி விடும். கண்ணைக் கட்டிக் கொண்டு 66 மீட்டர் ஓட்டியதும் இதுவும் ஒன்றுதான்.

தூக்கம் இல்லாவிட்டால்?

எதிர்வினை நேரத்துக்கு முதல் எதிரி தூக்கமின்மை.

1997-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கண்ணும் கையும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சிலருக்குக் கொடுத்தார்கள். தூங்காமல் விழித்திருக்கச் செய்து ஒரு தடவை சோதித்தார்கள். மது குடிக்கச் செய்து ஒரு தடவை சோதித்தார்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரைப் போலத் தடுமாறினார். 24 மணி நேரம் விழித்திருந்தவர், 0.10 சதவீதம் மது உள்ளவரைப் போல ஆகி விட்டார்.

நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவரின் ரத்தத்தில் 0.03 சதவீதத்துக்கு மேல் மது இருந்தால் குற்றம். இதையும் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒருவர் அதிகாலை 5 மணிக்கு எழுந்து விடுகிறார். பகல் எல்லாம் வீட்டு வேலை, வெளி வேலை. இரவு ஷிப்டுக்குப் போகிறார். இரவு 10 மணிக்கு எந்திரத்தின் முன் நிற்கும்போது 17 மணி நேரம் ஆகி விட்டது. அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஆனால் அவருடைய கண்ணும் கையும் குடித்தவரைப் போல இருக்கும்!

தூக்கம் இல்லாதவருக்கு எல்லா நேரமும் தாமதம் ஆகும் என்பது இல்லை. பத்துத் தடவையில் எட்டுத் தடவை சரியாகவே செய்வார். ஒன்றிரண்டு தடவை மூளை "கப்" என்று நின்று விடும். அரை வினாடி, ஒரு வினாடி, சில சமயம் அதற்கும் மேல். அந்த ஒன்றிரண்டு தடவைதான் ஆபத்து.

ஆகவே வீட்டில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர் இருந்தால், பகலில் அவரைத் தூங்க விடுங்கள். அறையை இருட்டாக வையுங்கள். டெலிவிஷன் சத்தத்தைக் குறையுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கும் இதே உதவியை வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டும். வேலையில் இருந்து வந்ததும் அவர்கள் அடுப்பங்கரைக்குப் போக வேண்டி இருந்தால் எப்போது தூங்குவது?

டீயும் காபியும் கொஞ்ச நேரம் விழிப்பைத் தரும். ஆனால் தூக்கத்துக்கு ஈடாகாது.

வேகத்தைக் கூட்ட முடியுமா?

"பயிற்சி செய்தால் எதிர்வினை நேரத்தைக் குறைக்க முடியாதா?" என்று கேட்கலாம்.

கொஞ்சம் முடியும். ஆனால் ஒரு எல்லை உண்டு.

உலகிலேயே வேகமான ஓட்டக்காரர் உசேன் போல்ட். 2009-ம் ஆண்டு பெர்லினில் 100 மீட்டர் தூரத்தை 9.58 வினாடியில் ஓடிச் சாதனை செய்தார். துப்பாக்கி வெடித்ததும் அவர் புறப்பட எடுத்துக் கொண்ட நேரம் 0.146 வினாடி. அவருக்கும் அந்தத் தாமதம் இருந்தது!

ஓட்டப் பந்தயத்தில் ஒரு விதி இருக்கிறது. வெடிச் சத்தத்துக்குப் பிறகு 0.10 வினாடிக்குள் ஒருவர் புறப்பட்டால், அவர் சத்தத்தைக் கேட்டுப் புறப்படவில்லை, முன்பே புறப்பட்டு விட்டார் என்று தீர்மானிப்பார்கள்.

கிரிக்கெட் பேட்ஸ்மேன்களின் விஷயம் இன்னும் சுவையானது. மணிக்கு 140 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை வினாடிக்குள் பேட்ஸ்மேனிடம் வந்து விடும். அதை அடிப்பவரின் எதிர்வினை நேரம் நம்மைவிட மிகக் குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்?

மெக்லியாட் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1987-ல் சோதித்துப் பார்த்தார். பெரிய பேட்ஸ்மேன்களுக்கும் சுமார் 0.20 வினாடிதான் ஆனது. சாதாரண மனிதருக்கு ஆகும் அதே நேரம்தான்!

பிறகு எப்படி அடிக்கிறார்கள்? பந்து எங்கே விழும் என்பதை அவர்கள் முன்கூட்டியே கணித்து விடுகிறார்கள். பந்து வந்த பிறகு பார்ப்பது இல்லை. வரப்போகும் இடத்தை முன்பே பார்க்கிறார்கள்.

ரகசியம் இதுதான். நரம்பின் வேகத்தை அதிகம் கூட்ட முடியாது. ஆனால் முன்னால் பார்க்கும் பழக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வளர்த்துக் கொள்ளலாம்.

நல்ல டிரைவரும் அப்படித்தான். பஸ் நிற்கிறது என்றால், அதன் முன்பக்கத்தில் இருந்து ஒரு குழந்தை ஓடி வரலாம் என்று நினைக்கிறார். முன்பே காலைப் பிரேக்கின் மேல் வைத்துக் கொள்கிறார். எதிர்பார்த்து இருப்பவருக்கு ஒன்றரை வினாடி ஆகாது. ஒரு வினாடிக்கும் குறைவாகவே ஆகும்.

ஜப்பானில் ரெயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டிக் காட்டி, அதன் நிறத்தை உரக்கச் சொல்வார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 1994-ம் ஆண்டு அந்த நாட்டு ரெயில்வே ஆராய்ச்சி நிலையம் சோதித்தபோது, சுட்டிச் சொல்பவர்களின் தவறு ஆறில் ஒரு பங்காகக் குறைந்து இருந்தது. நம் நாட்டிலும் ரெயில் டிரைவரும் உதவி டிரைவரும் சிக்னலை ஒருவருக்கு ஒருவர் உரக்கச் சொல்லிக் கொள்கிறார்கள்.

வாய் சொன்னால் மனம் அலையாது.

என்ன செய்ய வேண்டும்?

எந்திரத்தில் வேலை செய்கிறவர்கள் வேலியைக் கழற்றக் கூடாது. அச்சுக்குள் சிக்கிய தகட்டைக் கையால் எடுக்கக் கூடாது. எந்திரத்தை நிறுத்தி விட்டு இடுக்கியால் எடுக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு முதலில் காட்ட வேண்டியது எந்திரத்தை ஓட்டும் பொத்தானை அல்ல, நிறுத்தும் பொத்தானை.

வண்டி ஓட்டுகிறவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் வண்டி அந்தக் கம்பத்துக்கு வந்து விட்டால், மிகவும் ஒட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழை பெய்தால் "ஆயிரத்து மூன்று, ஆயிரத்து நான்கு" வரை சொல்லுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஓடும் கிரைண்டரில் கையை விட்டு மாவைத் தள்ளக் கூடாது. மிக்சியின் பிளக்கைப் பிடுங்காமல் கத்தியைத் தொடக் கூடாது. வண்டியில் போகிறவருக்குப் போன் செய்யக் கூடாது. "எங்கே வருகிறீர்கள்?" என்ற ஒரு கேள்விக்காக அவர் ரோட்டில் இருந்து கண்ணை எடுக்க வேண்டி வரும்.

குழந்தைகளுக்கு அளவுகோல் சோதனையைக் காட்டுங்கள். பிறகு, "நீ பிடிப்பதற்குள் அளவுகோல் இவ்வளவு தூரம் விழுந்தது; அந்த நேரத்துக்குள் லாரி எவ்வளவு தூரம் வரும்?" என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ரோட்டில் பந்து ஓடினால் பின்னால் ஓடக் கூடாது என்று நூறு தடவை சொல்வதைவிட, அந்த ஒரு கணக்கு அவர்கள் மனத்தில் நன்றாகப் பதியும்.

கண் பார்த்துக் கை செய்ய ஐந்தில் ஒரு பங்கு வினாடியாவது வேண்டும். அதைக் கேட்டு வாங்க முடியாது. முன்பே ஒதுக்கி வைத்துக் கொள்ளத்தான் முடியும்.